கால் தசை விறைப்புக்கும் உடல் சமநிலைக்கும் என்ன தொடர்பு? இளைஞர்கள் அறிய வேண்டியவை

புது தில்லி: கால் தசைகள் விறைப்பாக இருந்தால் அவற்றைத் தளர்த்தியே ஆக வேண்டும் என்ற எண்ணம் உடற்பயிற்சிக் கூடங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் பரவலாக உள்ளது. ஆனால், மனிதர் இரு கால்களில் நிமிர்ந்து நிற்பதற்கு அந்த விறைப்பும் ஓர் அடிப்படைத் தேவை என்பதும், அது மட்டுமே போதுமானதல்ல என்பதும் கடந்த கால் நூற்றாண்டில் நடைபெற்ற ஆய்வுகளின் மூலம் தெளிவாகியுள்ளன. விறைப்பை முற்றிலும் பகையாகக் கருதுவதும், அதுவே வலிமை என்று நம்புவதும் பயிற்சியைத் தவறான திசையில் கொண்டு செல்லக்கூடும்.

சமநிலை குறித்த பேச்சு பெரும்பாலும் முதியோரைச் சுற்றியே அமைகிறது. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் 6.84 லட்சம் பேர் கீழே விழுவதால் உயிரிழக்கின்றனர். இவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். எனினும், பின்னாளில் தேவைப்படும் தசை வலிமையும் மூட்டு அசைவும் 20, 30 வயதுகளிலேயே உருவாகின்றன அல்லது இழக்கப்படுகின்றன. மேலும், கணுக்கால் சுளுக்கு இளம் வயதினரிடையே மிகச் சாதாரணமாகக் காணப்படும் காயமாகும். ஆகவே, கால் தசைக்கும் சமநிலைக்கும் உள்ள தொடர்பு இளைஞர்களுக்கும் நேரடியான முக்கியத்துவம் உடையது.

விறைப்பு என்றால் என்ன?

அன்றாடப் பேச்சில் பல வேறு நிலைகளுக்கு 'விறைப்பு' என்ற ஒரே சொல் வழங்குகிறது. உயிர் இயக்கவியலில் அதன் பொருள் வரையறுக்கப்பட்டது. ஒரு தசையை இழுக்கும்போது, அந்த இழுப்பை அது எவ்வளவு எதிர்க்கிறது என்பதே அதன் விறைப்பு. கடினமான வில்சுருளை நீட்ட அதிக விசை தேவை. தளர்வான வில்சுருளுக்குக் குறைந்த விசை போதும். தசையும் இவ்வகையில் வில்சுருளைப் போலவே செயல்படுகிறது.

இந்த எதிர்ப்பு இரு வழிகளில் உருவாகிறது. தசை ஓய்வில் இருக்கும்போதும் அதன் நார்கள், அவற்றைச் சூழ்ந்த இணைப்புத் திசு, எலும்புடன் பிணைக்கும் தசைநாண் ஆகியவை இழுப்பை எதிர்க்கின்றன. இது செயலற்ற விறைப்பு. நரம்பின் ஆணைப்படி தசை சுருங்கும்போது கூடுதலாக உருவாவது செயல் விறைப்பு. முதலாவது உடலமைப்பையும் பழக்கத்தையும் பொறுத்து மெதுவாக மாறுவது. இரண்டாவதை நரம்பு மண்டலம் கணப்பொழுதில் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

கடும் பயிற்சிக்கு மறுநாள் தோன்றும் வலி, இரவில் ஆடுசதையைப் பிடித்திழுக்கும் தசைப்பிடிப்பு, மூளை அல்லது தண்டுவடப் பாதிப்பால் ஏற்படும் தசை இறுக்கம் ஆகியவை தனித்தனிக் காரணங்களைக் கொண்டவை. அதேபோல, கால் 'இறுகியிருப்பதாக' ஒருவர் உணர்வதும், கருவியால் அளக்கப்படும் விறைப்பும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. நாள்பட்ட முதுகுவலி உடையவர்களிடம் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. முதுகு விறைத்திருப்பதாக உணர்ந்தவர்களின் முதுகு, அளவீட்டில் கூடுதல் விறைப்புடன் இருக்கவில்லை என்பது அதில் தெரியவந்தது. விறைப்பு உணர்வு என்பது உடலைக் காக்க மூளை எழுப்பும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம் என அந்த ஆய்வாளர்கள் விளக்கினர். கால் தசை குறித்த முறையீடுகளையும் இந்தக் கவனத்துடன் அணுகுவது பொருத்தமானது.

அசையாமல் நிற்பது என்பது உண்மையா?

ஒருவர் அசையாமல் நிற்பதாகத் தோன்றினாலும் அவரது உடல் முன்னும் பின்னும் சிறிதளவு ஆடிக்கொண்டே இருக்கிறது. உடலின் நிறை மையம் இடுப்புப் பகுதியில், கணுக்காலுக்கு ஏறக்குறைய 90 செ.மீ. மேலே அமைந்துள்ளது. அதைத் தாங்கும் அடித்தளமோ இரு பாதங்களின் சிறிய பரப்பு மட்டுமே. தலைகீழாக நிறுத்திய ஊசலைப் போன்ற அமைப்பு இது. தானாக விட்டால் விழுந்தே தீரும்.

நிற்கும்போது உடல் எடையின் செங்குத்துக் கோடு கணுக்கால் மூட்டின் வழியே செல்வதில்லை. அதற்குச் சில சென்டிமீட்டர் முன்பாக விழுகிறது. எனவே உடல் எப்போதும் முன்னோக்கிச் சாய முற்படுகிறது. அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பவை ஆடுசதைத் தசைகள். இவற்றுள் ஆழத்தில் உள்ள 'சோலியஸ்' தசை, எளிதில் களைப்படையாத மெதுநார்களைப் பெரும்பகுதியாகக் கொண்டது. மேலே உள்ள 'கேஸ்ட்ராக்னீமியஸ்' தசை முழங்காலையும் கணுக்காலையும் கடந்து செல்வது. இரண்டும் உடலின் மிகப் பெரிய தசைநாணான அக்கிலிஸ் நாண் வழியாகக் குதிகால் எலும்பில் இணைகின்றன.

60 கிலோ எடை கொண்ட ஒருவரை எடுத்துக்கொண்டால் இந்த உழைப்பின் அளவு புலப்படும். எடைக்கோடு கணுக்காலுக்கு 5 செ.மீ. முன்னே விழுவதாகக் கொண்டால், ஆடுசதை ஈடுசெய்ய வேண்டிய முறுக்குவிசை ஏறத்தாழ 29 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கோலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் 3 கிலோ எடையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு உணரும் சுமைக்கு இது நிகரானது. உடல் மேலும் ஒரு பாகை முன்னே சாய்ந்தால், அதே கோலின் முனையில் கிட்டத்தட்ட இன்னொரு கிலோ சேர்ந்ததற்கு ஒப்பாகும். சாய்வு கூடக் கூடச் சுமையும் கூடும். சுமை கூடும் அதே விகிதத்தில் தசையின் எதிர்ப்பும் கூடினால் மட்டுமே விறைப்பைக் கொண்டு நிற்க முடியும்.

விறைப்பு மட்டும் போதுமா?

போதும் என்ற கருத்தை 1998-இல் முன்வைத்தவர் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உயிர் இயக்கவியல் அறிஞர் டேவிட் வின்டர். அமைதியாக நிற்கும்போது மூளை தசைகளின் விறைப்பை உரிய அளவில் வைத்துவிடுகிறது. அதன்பின் கணுக்கால் ஒரு வில்சுருளாகத் தானே உடலைத் தாங்கிக்கொள்கிறது என்பது அவரும் சக ஆய்வாளர்களும் கூறிய விளக்கம். எளிமையான இவ்விளக்கம் பரவலான கவனத்தைப் பெற்றது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் லோரம், மார்ட்டின் லேக்கி ஆகியோர் நிற்கும் மனிதரின் கணுக்கால் விறைப்பை நேரடியாக அளந்தனர். பாதம் பதிந்துள்ள தளத்தை, நிற்பவர் உணர முடியாத அளவுக்கு மிகச் சிறிதாகச் சுழற்றி, கணுக்கால் காட்டும் எதிர்ப்பை அவர்கள் பதிவு செய்தனர். உடலைத் தாங்கத் தேவையான விறைப்பில் சராசரியாக 91 சதவீதமே கணுக்காலில் இயல்பாக உள்ளது என்பது 2002-இல் வெளியான முடிவு. இத்தாலியின் ஜெனோவாவில், சற்றுப் பெரிய அசைவைக் கொடுத்து நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வில் இந்த அளவு 64 சதவீதமாக இருந்தது. அசைவு மிகச் சிறியதாக இருக்கும்போது தசை அதிக விறைப்பையும், அசைவு பெரிதாகும்போது குறைந்த விறைப்பையும் காட்டுவதே இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம். இரு ஆய்வுகளிலும் சராசரி அளவு நூறை எட்டவில்லை.

எஞ்சிய குறைபாட்டுக்குக் காரணம் தசை அல்ல, தசைநாண். தசை எவ்வளவு இறுகினாலும், அதற்கும் குதிகாலுக்கும் இடையே உள்ள அக்கிலிஸ் நாண் சற்று நீண்டு கொடுக்கிறது. லோரம், லேக்கி ஆகியோர் கான்ஸ்டன்டினோஸ் மகானரிஸ் என்பவருடன் இணைந்து 2004-இல் வெளியிட்ட அல்ட்ராசவுண்ட் ஆய்வு இதைக் கண்முன் காட்டியது. உடல் முன்னே சாயும்போது ஆடுசதை நீளும் என்றே பலரும் எதிர்பார்ப்பர். ஆனால், அப்போது தசை நார்கள் சுருங்கின; உடல் பின்னே வரும்போது அவை நீண்டன. அதாவது, நீண்டு கொடுக்கும் நாணைத் தசை தொடர்ந்து இழுத்தும் தளர்த்தியும் சரிசெய்து கொண்டே இருக்கிறது. நிற்பது என்பது ஓய்வு நிலையன்று. இடைவிடாத சிறுசிறு திருத்தங்களின் தொடர்.

விறைப்பு தரும் அவகாசம்

அப்படியானால் விறைப்பால் பயன் என்ன? அதன் சிறப்பு, தாமதமின்மை. ஆடுசதை திடீரென இழுபடும்போது, தண்டுவடத்தின் வழியே வரும் அனிச்சை எதிர்வினைக்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் 40 முதல் 50 பங்கு நேரம் பிடிக்கிறது. உடல் முழுவதையும் நிலைப்படுத்தும் சமநிலைத் திருத்தத்துக்கு ஏறக்குறைய நூறு பங்கு ஆகிறது. விருப்பத்துடன் செய்யும் அசைவுக்கு இன்னும் அதிக நேரம் தேவை. தசையின் இயல்பான விறைப்போ எந்த ஆணைக்கும் காத்திராமல் அந்தக் கணமே எதிர்க்கிறது.

இயற்பியல் கணக்கும் இதை உறுதிப்படுத்துகிறது. தேவையான விறைப்பில் 91 சதவீதம் கணுக்காலிலேயே இருந்தால், சாய்வு பெருகுவதற்கான கால அளவு மூன்று மடங்குக்கு மேல் நீள்கிறது. 64 சதவீதமாக இருந்தாலும் ஒன்றரை மடங்குக்கு மேல் நீள்கிறது. அந்த அவகாசத்தில்தான் கண், உட்செவி, பாதத்தின் தொடு உணர்வு, தசை மற்றும் மூட்டுகளில் உள்ள உணர் உறுப்புகள் அனுப்பும் தகவல்களை மூளை ஒன்றிணைத்து, அடுத்த திருத்தத்தைத் தீர்மானிக்கிறது.

அசைவு பெரிதாகும்போது உத்தியும் மாறுகிறது. உறுதியான தரையில் நிற்பவர் சிறிய தள்ளலைக் கணுக்காலைக் கொண்டே சமாளிக்கிறார். பாதத்தைவிடக் குறுகிய கட்டையின் மீது நிற்கும்போது இடுப்பை வளைத்துச் சமன் செய்கிறார். அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபே ஹோராக், லூயிஸ் நாஷ்னர் ஆகியோர் 1986-இல் விளக்கிய இந்த இரு உத்திகளும் இன்றும் பிசியோதெரபி பாடங்களில் கற்பிக்கப்படுகின்றன. அவையும் போதாதபோது கால் ஓர் அடி எடுத்து வைக்கிறது. கணுக்கால் எவ்வளவு விறைப்பாக இருந்தாலும், இந்த உத்திகளுக்கு உரிய நேரத்தில் மாறத் தெரியாத உடல் விழக்கூடும்.

எவ்வாறு அளக்கப்படுகிறது?

தசை விறைப்பை அளக்க இன்று இரு முறைகள் அதிகம் பயன்படுகின்றன. முதலாவது, அல்ட்ராசவுண்ட் கருவியைக் கொண்டு தசையினுள் ஓர் அதிர்வலையை உண்டாக்கி, அது பரவும் வேகத்தை அளக்கும் 'எலாஸ்டோகிராபி'. திசு எவ்வளவு விறைப்பாக உள்ளதோ அவ்வளவு வேகமாக அலை பரவும். இரண்டாவது, தோலின் மீது கையடக்கக் கருவியை வைத்து மெல்லிய தட்டல் கொடுத்து, தசை அதிரும் விதத்தைப் பதிவு செய்யும் முறை. இதற்கான 'மயோட்டான்' கருவி எஸ்தோனியாவில் உருவாக்கப்பட்டது. விரைவாக அளக்க இது உதவினாலும், ஆழத்தில் உள்ள தசைகளை இதனால் எட்ட முடியாது. தோலடிக் கொழுப்பின் தடிமனும் அளவைப் பாதிக்கும்.

சமநிலையை அளக்க, பாதத்தின் அழுத்தம் இடம் மாறுவதைப் பதிவு செய்யும் விசைத் தட்டு பயன்படுகிறது. கண்களைத் திறந்தும் மூடியும், உறுதியான தரையிலும் மெத்தென்ற பஞ்சுத் தளத்திலும் நிற்க வைத்து ஒப்பிடுவது வழக்கம். ஒற்றைக் காலில் நின்றபடி மறு காலை மூன்று திசைகளில் இயன்ற அளவு நீட்டும் 'ஒய்' சமநிலைச் சோதனை விளையாட்டு வீரர்களிடம் அதிகம் நடத்தப்படுகிறது. முன்னது அசையாமல் நிற்கும் திறனைக் காட்டுகிறது. பின்னது அசைவின்போது நிலைகுலையாத திறனைக் காட்டுகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு திறன்கள் என்பதால், ஒன்றில் சிறந்தவர் மற்றொன்றிலும் சிறந்து விளங்குவார் என்று கூற முடியாது.

இளைஞர்களிடம் தொடர்பு ஏன் தெளிவாகப் புலப்படுவதில்லை?

உடல்நலமுள்ள இளைஞர்களிடம் விறைப்புக்கும் சமநிலைக்கும் உள்ள தொடர்பு ஒரே கோட்டில் அமைவதில்லை. இதற்குப் பல காரணங்கள் உள்ளன.

முதலாவதாக, இளைஞர்களின் சமநிலைத் திறன் ஏற்கெனவே உயர்ந்த நிலையில் உள்ளது. இரு கால்களில் கண் திறந்து நிற்பது அவர்களுக்கு மிக எளிது. எளிய சோதனையில் ஏறக்குறைய எல்லோரும் தேறிவிடுவதால், தசையின் வேறுபாடு முடிவில் வெளிப்படுவதில்லை. ஒற்றைக் காலில் நிற்கச் செய்து கண்ணையும் மூடச் சொன்னால் நிலைமை மாறுகிறது. நெடுநேரம் நின்றவரும், கண்ணை மூடியதும் அதில் சிறு பங்கு நேரமே தாக்குப்பிடிக்கிறார்.

இரண்டாவதாக, எந்தத் தசை, எந்த அசைவு என்பதைப் பொறுத்து விறைப்பின் பங்கு மாறுகிறது. முன்பின் ஆட்டத்தைப் பெரிதும் கட்டுப்படுத்துவது ஆடுசதை. பக்கவாட்டு ஆட்டத்தில் இடுப்புத் தசைகளின் பங்கு அதிகம். அசையாமல் நிற்பதற்கு உதவும் அதே ஆடுசதை விறைப்பு, கணுக்காலை மடக்கவிடாமல் தடுத்தால் இயக்கச் சமநிலைக்குத் தடையாகிவிடும். நின்ற காலின் கணுக்கால் எவ்வளவு முன்னோக்கி மடங்குகிறதோ, மறு காலை முன்புறம் நீட்டும் தொலைவும் அதற்கேற்ப அமைகிறது என்பதை அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மூன்றாவதாக, விறைப்பு சமநிலைக் குறைவுக்குக் காரணமாகவும் இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம். தரையிலிருந்து 40 செ.மீ., 100 செ.மீ., 160 செ.மீ. உயர மேடைகளின் விளிம்பில் இளைஞர்களை நிறுத்தி வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகள் இதற்குச் சான்று. உயரம் கூடியபோது உடல் ஆடும் தொலைவு குறைந்தது. ஆடும் வேகத்துடிப்பு கூடியது. விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் அவர்கள் கால்களை இறுக்கிக்கொண்டதே இதன் பொருள். குறைவாக ஆடுகிறார் என்பதாலேயே ஒருவர் நல்ல சமநிலையில் இருக்கிறார் எனக் கொள்ள இயலாது. முன்பு கணுக்கால் சுளுக்கியவர், மீண்டும் சுளுக்கிவிடுமோ என்ற அச்சத்தில் காலை இறுக்கமாக வைத்து நடப்பதும் இத்தகையதே. ஒரே வேளையில் ஒருமுறை மட்டும் அளந்து ஒப்பிடும் ஆய்வுகளால், இவற்றுள் எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிய முடியாது.

இக்காரணங்களால், ஒருவரின் ஆடுசதை விறைப்பை அளந்து, அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து அவரது சமநிலை நன்று அல்லது குறைவு எனக் கணிப்பது சரியாகாது.

நாற்காலியும் காலணியும்

நெடுநேரம் அசையாமல் இருந்த தசை தற்காலிகமாக விறைப்படைகிறது. சில அசைவுகளுக்குப் பின் அந்த விறைப்பு குறைகிறது. நீண்ட பேருந்துப் பயணத்துக்குப் பின் எழுந்து நடக்கும் முதல் சில அடிகள் கடினமாக இருப்பதன் ஒரு காரணம் இதுவே. கணினி முன் பல மணி நேரம் அமர்ந்திருப்பவர் உணரும் இறுக்கத்தில் பெரும்பகுதி, எழுந்து சிறிது நடந்தாலே நீங்கிவிடும்.

பழக்கம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மாற்றம் ஆழமாகிறது. குறைந்தது 5 செ.மீ. குதி உயர்ந்த காலணிகளை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வழக்கமாக அணிந்த பெண்களிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வு இதற்கு எடுத்துக்காட்டு. அவர்களின் ஆடுசதை நார்கள், தட்டையான காலணி அணிந்தோரைவிட 13 சதவீதம் நீளம் குறைந்திருந்தன. அக்கிலிஸ் நாண் தடித்து, கூடுதல் விறைப்புடன் காணப்பட்டது. கணுக்கால் அசையும் வரம்பும் குறைந்திருந்தது. தசையும் நாணும் தமக்குத் தரப்படும் பயன்பாட்டுக்கு ஏற்பத் தம்மை மாற்றியமைத்துக் கொள்கின்றன என்பதே இதன் படிப்பினை.

இந்தியாவில் குந்தி அமர்வது பல தலைமுறைகளாக அன்றாடப் பழக்கமாக இருந்தது. குதிகால் தரையில் பதிந்தபடி குந்தி அமர, கணுக்கால் நன்கு மடங்க வேண்டும். நாற்காலியும் மேற்கத்தியக் கழிப்பறையும் பெருகியதால், இளம் வயதினர் பலருக்கு இந்த அசைவுக்கான வாய்ப்பு குறைந்துள்ளது. உடல் உழைப்பும் குறைந்து வருகிறது. 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2024-இல் வெளியான மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இன்றி இருந்தனர். பெண்களில் இது 57 சதவீதமாகவும், ஆண்களில் 42 சதவீதமாகவும் இருந்தது.

நீட்சிப் பயிற்சியால் சமநிலை கூடுமா?

நீட்சிப் பயிற்சி செய்தவுடன் தசையின் செயலற்ற விறைப்பு குறைவது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் நிமிடக் கணக்கில் நீடிக்கும் மாற்றமே. சில வாரப் பயிற்சிக்குப் பின் கால் மேலும் நீளக் காரணம், தசையின் மாற்றத்தைவிட, இழுப்பைத் தாங்கிக்கொள்ளும் உணர்வு பழகிப்போவதே என்ற விளக்கமும் ஆய்வாளர்களிடையே வலுவாக உள்ளது.

விளையாட்டுக்குச் சற்று முன் செய்யும் நீட்சியின் அளவும் முக்கியம். 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, ஒரு தசைக்கு 60 விநாடிக்குக் குறைவாக அசையா நீட்சி செய்தவர்களின் செயல்திறன் சராசரியாக 1.1 சதவீதமும், அதற்கு மேல் செய்தவர்களின் செயல்திறன் 4.6 சதவீதமும் உடனடியாகக் குறைந்தன. எனவே, ஓட்டப் பந்தயத்துக்கோ கபடி ஆட்டத்துக்கோ முன்பாக நீண்ட நேரம் ஆடுசதையை இழுத்துப் பிடிப்பதைவிட, நடை, மெல்லோட்டம், காலை வீசுதல் போன்ற அசைவுகளால் உடலைச் சூடேற்றுவது பொருத்தமானது. நீண்ட நீட்சிப் பயிற்சியை ஆட்டம் முடிந்த பின்னரோ வேறு நேரத்திலோ செய்யலாம்.

காயத்தைத் தடுப்பதில் சமநிலைப் பயிற்சிக்கே நேரடிச் சான்று உள்ளது. அமெரிக்காவில் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடும் 765 உயர்நிலைப் பள்ளி மாணவ, மாணவியரிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், சமநிலைப் பயிற்சி பெற்றவர்களில் 6.1 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 9.9 சதவீதம் பேருக்கும் கணுக்கால் சுளுக்கு ஏற்பட்டது. அந்தப் பயிற்சிக்குத் தேவைப்பட்டவை ஒற்றைக் காலில் நிற்பதும், ஆடும் பலகையில் நிற்பதும் போன்ற எளிய முறைகளே.

இளைஞர்கள் என்ன செய்யலாம்?

* கணுக்கால் மடக்கம்: சுவரை நோக்கி நின்று, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொட முயல வேண்டும். பாதத்தைச் சிறிது சிறிதாகப் பின்னே நகர்த்தி, தொட முடிகிற அதிகபட்சத் தொலைவை அளக்க வேண்டும். இரு கால்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தெரிந்தால், குறைந்த பக்கத்துக்குக் கூடுதல் கவனம் தேவை.

* ஒற்றைக் கால் நிலை: சுவர் அல்லது உறுதியான மேசைக்கு அருகில் நின்று பழகுவது பாதுகாப்பானது. முதலில் கண் திறந்து, பின்னர் தலையை மெதுவாகத் திருப்பியபடி, அதன் பின் கண்ணை மூடி எனப் படிப்படியாகக் கடினமாக்கலாம். பல் துலக்கும் நேரத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

* குதிகால் உயர்த்துதல்: முன்பாதத்தில் எழும்பி, மெதுவாக இறங்கும் பயிற்சி ஆடுசதைக்கும் அக்கிலிஸ் நாணுக்கும் வலுவூட்டும். படியின் விளிம்பில் நின்று குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே இறக்கினால் கணுக்கால் மடக்கமும் பழகும். இரு கால்களில் எளிதான பின் ஒற்றைக் காலுக்கு மாறலாம்.

* யோகாசனம்: ஆயுஷ் அமைச்சகத்தின் பொது யோகா நெறிமுறையில் தாடாசனமும் விருட்சாசனமும் இடம்பெற்றுள்ளன. முன்னது முன்பாதத்தில் எழும்பி நிற்பதையும், பின்னது ஒற்றைக் காலில் நிற்பதையும் பழக்குகிறது.

* அமர்ந்திருப்பதற்கு இடைவேளை: தொடர்ந்து அமர்ந்து பணியாற்றுவோர் அவ்வப்போது எழுந்து சில நிமிடங்கள் நடப்பது நல்லது. 18 முதல் 64 வயதுடையோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாட்கள் தசை வலுவூட்டும் பயிற்சியும் மேற்கொள்ள வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது.

கடும் பயிற்சியால் களைத்த ஆடுசதை, உடல் ஆட்டத்தை அதிகரிக்கச் செய்யும். ஆகவே, கால் தசைகள் மிகவும் களைத்திருக்கும் வேளையில் கண்ணை மூடி நிற்பது போன்ற கடினமான சமநிலைப் பயிற்சிகளைத் தவிர்ப்பது நல்லது. அண்மையில் சுளுக்கு ஏற்பட்டவர்கள் பிசியோதெரபிஸ்டின் வழிகாட்டுதலுடன் தொடங்க வேண்டும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

பயிற்சிக்குப் பின் தோன்றும் விறைப்பு பொதுவாகச் சில நாட்களில் தானே குறையும். பின்வரும் அறிகுறிகளைப் பயிற்சியால் வந்தவை எனக் கருதிப் புறக்கணிக்கக் கூடாது.

* ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி, வலியும் சூடும் சிவப்பும் காணப்படுதல். இது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அந்தக் காலை அழுத்திப் பிடித்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

* கடும் பயிற்சிக்குப் பின் தாங்க முடியாத தசை வலியுடன் சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ தேநீர் நிறத்திலோ வெளியேறுதல். தசை நார்கள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை இது. உடனடிச் சிகிச்சை தேவை.

* திடீரெனச் சமநிலை இழத்தல், முகம் கோணுதல், கை அல்லது கால் தளர்தல், பேச்சுக் குழறுதல். இவை பக்கவாதத்தின் அறிகுறிகளாகும். இளம் வயதினருக்கும் இது ஏற்படக்கூடும் என்பதால் தாமதமின்றி 108 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும்.

* வாரக்கணக்கில் கூடிக்கொண்டே செல்லும் விறைப்பு, நடையில் மாற்றம், அடிக்கடி கால் இடறுதல், மரத்துப்போதல். நரம்பு தொடர்பான பாதிப்பு உள்ளதா எனப் பரிசோதிக்க வேண்டும்.

* புதிய மருந்து தொடங்கிய பின் காரணமின்றித் தசை வலியும் விறைப்பும் ஏற்படுதல். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்துகளால் சிலருக்கு இவ்வாறு நேரலாம். மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

கால் தசையின் விறைப்பு, விழுதலைத் தாமதப்படுத்தி மூளைக்கு அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் உரிய திருத்தத்தைச் செய்வது நரம்பு மண்டலத்தின் பணி. முன்னதற்கு வலுவான ஆடுசதையும் தடையின்றி மடங்கும் கணுக்காலும் தேவை. பின்னதற்குச் சமநிலைப் பயிற்சி தேவை. உடல்நலமுள்ள இளைஞர் ஒருவர் இவை இரண்டையும் நாளொன்றுக்குச் சில நிமிடங்களில், வீட்டிலேயே, செலவின்றிப் பழக முடியும்.

(இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகாது.)